இரண்டு எழுத்து, ஒரு சத்தம்

ஒன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் முதல் வாரம் தொண்டை போகும். மானம் போக இன்னும் இரண்டு வாரம் ஆகும். இதைப் படிக்கிறவர்களில் வாத்தியார்கள் இருந்தால் தலையாட்டுவீர்கள். வாத்தியாராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து, "எஸ்ஸும் எச்சும் சேர்ந்தா என்ன சத்தம்?" என்று பத்தாவது தடவை கேட்டு, அது ஜன்னலைப் பார்த்த அனுபவம் இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்.

மிஸ்ஸு

நான் படித்தது கணக்கு. வீடு விழுப்புரத்தில். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்கு எடுக்கத்தான் ஜூன் மாதம் சேர்ந்தேன். ஜூலைக் கடைசியில் ஒன்றாம் வகுப்பு மிஸ் பிரசவ விடுப்பில் போக, பிரின்சிபல் மேடம் என்னைக் கூப்பிட்டு முப்பத்து நாலு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தார். பிப்ரவரியில் வாசிப்பு நாள். பெற்றோர் எல்லாரும் வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் மைக் முன்னால் நின்று ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். எத்தனை பிள்ளை வாசிக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் தாளாளர் என் வேலையை நிரந்தரம் செய்வார் என்று சொல்லி, மேடம் ஒரு முறை என் முகத்தையும் பார்த்துக்கொண்டார்.

இங்கிலீஷில் சில மெய்யெழுத்துகள் ஜோடி சேர்ந்தால் தங்கள் சொந்தச் சத்தத்தை விட்டுவிடும். எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் 'ஷ்'. சியும் எச்சும் சேர்ந்தால் 'ச்'. பியும் எச்சும் சேர்ந்தால் 'ஃப்'. டியும் எச்சும் சேர்ந்தால், நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்து ஊதுகிற ஒரு 'த்'. இந்த நாலும் பிடிபடாத பிள்ளை எந்தப் பக்கத்தையும் வாசிக்காது. முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் எல்லாம் எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்றன. "மிஸ் இல்ல, சார்" என்றேன். முதல் பெஞ்சில் இருந்த முகிலன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சாருன்னா ஆறாங் கிளாஸுக்குப் போவணும். ஒண்ணாங் கிளாஸுக்கு மிஸ்ஸுதான்."

நாக்கு

டி-எச் பாடத்துக்கு ஒரு வாரம் முழுக்க நாக்கை நீட்டினோம். பாதிப் பிள்ளைகளுக்கு முன்பல் விழுந்திருந்தது. பல்லுக்கு நடுவில் நாக்கை வை என்றால் வைக்கப் பல் இல்லை. அந்த முப்பத்து நாலில் முதலில் பிடித்துக்கொண்டவள் கனிஷ்கா. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் என் வாயையே பார்ப்பாள். நான் நாக்கை வைத்தால் அவளும் வைப்பாள். 'திங்க்' என்றால் 'திங்க்'. ஒரு பிசிறு இருக்காது. அவளை முன்னால் நிறுத்தி மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்காட்டச் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் அப்பா ஏழுமலையும் அம்மாவும் வாசலில் நின்றார்கள். ஒலக்கூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். கனிஷ்காவின் கையில் புதுக் கயிறு கட்டியிருந்தது. வீட்டில் மூன்று நாளாக, சாப்பிடும்போதும் நாக்கை வெளியே வைத்துக்கொண்டு ஊதியிருக்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று ஊரில் எல்லாரும் பயமுறுத்த, ஞாயிற்றுக்கிழமையே திருவக்கரைக் காளி கோயிலுக்குக் கூட்டிப் போய் வந்திருக்கிறார்கள். அது பாடம் என்று நான் விளக்கினேன். நாக்கை நீட்டியும் காட்டினேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப உங்களுக்கும் ஒரு கயிறு வாங்கியாந்துருக்கலாம் சார்."

போர்டு

பிள்ளைகளுக்குப் பாடம் ஏறாவிட்டால் ஒரு தொல்லை, ஏறிவிட்டால் வேறு தொல்லை. டி தனியாக வந்தால் 'ட்', எச் சேர்ந்தால் 'த்' என்று சொல்லிக்கொடுத்த மறுநாள், முகிலன் பள்ளி வேனின் நெற்றியில் இங்கிலீஷில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான்: "டிண்டிவனம்." பக்கத்தில் பிரின்சிபல் மேடம் நின்றார். ஊர் பேரையே மாற்றிவிட்டீர்களா என்று அங்கேயே கேட்டார். போர்டில் எச் இல்லை, அதனால் விதிப்படி அவன் படித்தது சரி என்று சொல்ல நினைத்தேன். மேடத்தின் முகம் சொல்லவிடவில்லை.

மறுநாள் காலை வேன் வந்தபோது, முதல் டி-க்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் சாக்பீஸால் ஒரு எச் நுழைக்கப்பட்டிருந்தது. தாளாளர் வரும் நாள் அது. நான் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு ஓடினேன். டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டு இறங்காமலே சொன்னார்: "சார், உங்க கிளாஸு எழுத்து ஒண்ணு டிக்கெட் இல்லாம என் வண்டில ஏறிக்கினு வந்துச்சு, பாருங்க."

வராந்தா

அக்டோபரில் சொல்வதெழுதல் ஆரம்பித்தேன். அங்கேதான் கனிஷ்கா என்னைக் கிறுக்கனாக்கினாள். டி-எச், பி-எச் என்றால் பத்துக்குப் பத்து. எஸ்-எச், சி-எச் என்றால் பூஜ்யம். 'ஷிப்' என்றால் 'டிப்' என்று எழுதுவாள். 'ஷாப்' என்றால் 'டாப்'. தன் பெயரையே 'கனிக்கா' என்றுதான் சொல்வாள். மழலை என்று எல்லாரும் ரசித்தார்கள். கஷ்டமான 'த்' வருகிற பிள்ளைக்குச் சுலபமான 'ஷ்' எப்படி வராமல் போகும்? வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். நீங்களும் கட்டியிருப்பீர்கள். வாசிப்பு நாள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, மேடம் வாரத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை, நான் கரும்பலகையில் அடுத்த பாடத்தை எழுதிக்கொண்டே முதுகைத் திருப்பியபடி 'சாப்', 'சிப்', 'ஷெல்' என்று பத்து வார்த்தை சொன்னேன். அவள் நோட்டில் பத்தும் தப்பு. ஏன் என்று கேட்டேன். மறுபடி சத்தமாகக் கேட்டேன். என் வாயைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் திமிராகத் தெரிந்தது. வராந்தாவில் போய் நில் என்றேன். அந்தப் பீரியட் முழுக்க நின்றாள். மணி அடித்ததும் அந்த வழியாகப் போன இரண்டாம் வகுப்பு மிஸ் அவளையும் என்னையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ யூகேஜிலயும் இப்படித்தான் சார். நல்லா சொல்லிக்கினே இருப்பா, திடீர்னு பொம்ம மாதிரி நிப்பா."

மாஸ்க்

மார்கழியில் எனக்குச் சளி பிடித்தது. பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று மாஸ்க் போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தேன். அன்றைக்குச் சொல்வதெழுதலில் டி-எச். கனிஷ்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வருகிற பாடம். நோட்டைத் திருத்தினேன். 'திங்க்' என்று சொன்னதற்கு 'இங்க்' என்று எழுதியிருந்தாள். 'தின்' என்றதற்கு 'இன்'. பத்தும் தப்பு. பழைய நோட்டுகளைப் புரட்டினேன். 'ஷிப்', 'டிப்'. 'ஷாப்', 'டாப்'. முதல் எழுத்து எப்போதும் தப்பு. நடுவில் இருக்கிற உயிரெழுத்து ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவளை மட்டும் எதிரே உட்காரவைத்தேன். மாஸ்க்கை எடுத்துவிட்டு 'திங்க்' என்றேன். 'திங்க்' என்றாள். புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு அதையே சொன்னேன். 'இங்க்' என்றாள். புத்தகத்தை இறக்கினேன், சரி. மறைத்தேன், தப்பு. 'ஃபோன்' என்றேன், 'ஓன்' என்றாள். நாக்கும் உதடும் வெளியே தெரிகிற சத்தங்கள் எல்லாம் அவளுக்கு வந்தன. வாய்க்குள்ளேயே நடக்கிற 'ஷ்'ஷும் 'ச்'சும் வரவில்லை. இத்தனை மாதமும் அவள் காதால் படிக்கவில்லை, கண்ணால் படித்திருக்கிறாள். வாயை மறைத்த புத்தகத்தை இறக்க மறந்துவிட்டேன். அவள் கையை நீட்டிப் புத்தகத்தைத் தள்ளினாள்: "புக்க எடுங்க மிஸ்ஸு. சத்தம் தெரியல."

உஸ்

மேடத்திடம் சொன்னேன். "நீங்க கணக்கு வாத்தியாரா, காது டாக்டரா?" என்று கேட்டார். ஆனால் பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார். பேசப் போவது நான்தான், பள்ளி எதுவும் சொன்னதாக ஆகக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஏழுமலை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார். பிள்ளையின் காதை ஒரு தடவை டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்ன நொடியில் எழுந்துவிட்டார். "கூப்ட்டா திரும்புது, பாட்டு போட்டா ஆடுது. பொம்பளப் புள்ள சார். செவிடுன்னு ஒருத்தன் வாயில வந்துச்சுன்னா அப்புறம் அந்தப் பேரு போவாது" என்றார். அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. அது சத்தம் போடுவதைவிட பயமாக இருந்தது. காட்டினால்தான் நம்புவார் என்று, கனிஷ்காவைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துப் பின்னாலிருந்து "கனி" என்றேன். திரும்பினாள். மறுபடி நிற்கவைத்து "உஷ்ஷ்" என்றேன். திரும்பவில்லை. இன்னும் பலமாக, இரண்டு தடவை. அவள் சுவரில் ஒட்டியிருந்த படத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஏழுமலை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், நின்று, திரும்பிச் சொன்னார்: "எங்க ஊர்ல நாயத்தான் சார் உஸ்ஸுன்னு கூப்புடுவோம். எம் புள்ள திரும்பலன்னா அது மரியாத தெரிஞ்ச புள்ள."

சீப்பு

பத்து நாள் கனிஷ்கா பள்ளிக்கு வரவில்லை. வேறு பள்ளியில் சேர்க்கப்போகிறார்கள் என்று டிரைவர் சொன்னார். மேடம் என்னைக் கூப்பிட்டு, ஒரு அட்மிஷன் போனால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் சொன்னது தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படியானால் என் வேலை போகும், பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. விக்கிரவாண்டி தாண்டும்போது, வேலையும் போகக் கூடாதே என்ற நினைப்பும் வந்துவிட்டது. மனுஷன்தானே.

பதினோராம் நாள் காலை பள்ளி கேட்டுக்கு வெளியே கனிஷ்காவின் அம்மா தனியாக நின்றிருந்தார். மல்லாட்டை ஆய்கிற வேலையை விட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். புடவையில் மண் இருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தாராம். முதல் நாள் நம்பவில்லையாம், மறுநாளும் செய்தாராம். முந்தானையால் வாயை மூடிக் காட்டினார். பேச்சு பாதியில் நின்று, மறுபடி வந்தது: "வாய மூடிக்கினு சீப்ப எடுடின்னேன் சார். தீப்பெட்டிய எடுத்தாந்து கையில குடுத்துட்டு, சிரிக்குது."

கண்ணாடி அறை

பிள்ளையின் காதைக் காட்ட ஏழுமலை வந்தார். எப்படி வரவழைத்தார் என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரில் யாராவது கேட்டால் டோல்கேட்டாண்ட வேலையாகப் போனோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் போட்ட ஒப்பந்தம். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்காகவும் நான் காத்திருந்தேன். காது பரிசோதிக்கிற அறை கண்ணாடி வைத்த சின்னக் கூண்டு. கனிஷ்காவின் தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் மரக்கட்டைகளைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும். அவளுக்கு அது விளையாட்டு. முதலில் வேக வேகமாகப் போட்டாள். ஏழுமலை என்னைப் பார்த்து, பாத்தியா என்கிற மாதிரி தலையை அசைத்தார்.

பிறகு கை நின்றுவிட்டது. பரிசோதிக்கிற பெண் பொத்தானைத் திருப்பித் திருப்பி அழுத்தினார். கனிஷ்கா கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது போடலாம் என்று எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு அது ஒரு பீரியட் மாதிரி இருந்தது. அந்தப் பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்: கனத்த சத்தம் வரைக்கும் கோடு நேராக வந்தது, மெல்லிய கூர்மையான சத்தங்கள் வரும் இடத்தில் சரிந்து விழுந்தது. 'ஷ்', 'ச்', 'ஃப்', 'த்' எல்லாம் அந்தச் சரிவில்தான் இருக்கின்றன என்றார். ஏழுமலை தாளைப் பார்க்கவில்லை. அந்த ஹெட்ஃபோனைத் தன் காதில் வைத்து, அதே சத்தத்தைப் போடச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "எனக்கு நல்லா கேக்குதே சார். அதுக்கா கேக்கல?"

மெஷின்

ஆஸ்பத்திரியிலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, ஜனவரிக் கடைசியில் இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். முதல் நாள் அவள் பாதி நேரம் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று பிள்ளைகள் பக்கம் புரட்டுகிற சத்தம் அவளுக்கு அதுவரை இருந்ததே இல்லை. மதியம் மெஷினைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டு மூடிவிட்டாள். அது தயிர்சாதத்துக்குள் போகவில்லை என்று தெரியும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. முதல் பெஞ்சுக்கு அவளை மாற்றினேன். கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிற பழக்கத்தை விட்டேன். எத்தனை வருஷப் பழக்கம் என்று விட்ட பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் எல்லாரும் விளையாடப் போனபின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு உன்னை வராந்தாவில் நிற்கவைத்தேனே, அது என் தப்பு என்றேன். ஆறு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்ல நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் யோசித்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்: "பரவால்ல மிஸ்ஸு. வெளிய நின்னா வாய பாத்துக்கினே இருக்க வேணாம். கண்ணு வலிக்காது."

வாசிப்பு நாள்

இதையும் சொல்லிவிடுகிறேன். வாசிப்பு நாள் பட்டியலை நான்தான் எழுதினேன். முப்பத்து மூன்று பெயர் எழுதினேன். மெஷின் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, மைக் முன்னால் அது கீச்சிடலாம், பிள்ளை அழலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அது நிம்மதியாக இருந்தது என்பதுதான் கேவலம். மறுநாள் அவள் அம்மா நோட்டீஸ் போர்டில் விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு போய், கடைசியில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து அங்கேயே முப்பத்து நாலாவது பெயரை எழுதினேன்.

இரண்டே வரி கொடுத்திருந்தேன். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கும்போது மெஷின் நிஜமாகவே கீச்சென்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நடு வரிசையில் ஏழுமலை எழுந்து நின்றுவிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பார்த்தேன். கனிஷ்கா ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள். கீச்சு நின்றது. வாசித்தாள். 'ஷாப்' வருகிற இடத்தில் 'சாப்' என்றாள், நிறுத்தினாள், தலையைச் சாய்த்தாள், "ஷாப்" என்றாள். முடித்துவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். ஏழுமலை இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார். பின்னால் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். பிறகு தாளாளர் எழுந்து நன்றியுரை ஆரம்பித்தார். "நம்ம புள்ளைங்க இன்னிக்கு இங்கிலீஸ்ல வாசிச்சத பாத்தீங்க. நாளைக்கு இங்கிலீஸ்லயே பேசுவாங்க" என்று சொல்லி, கைதட்டலுக்காக நிறுத்தினார். மேடம் கை தட்டத் தயாரானார். அந்த அமைதியில் கனிஷ்கா ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு, கவலையோடு என்னை நிமிர்ந்து பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்: "மிஸ்ஸு, என் மெஷினு ரிப்பேரா? அவரு இங்கிலீஷுன்னு சொல்றது இங்கிலீஸுன்னே கேக்குது."

என் வேலை நிரந்தரமாகிவிட்டது, தாளாளரும் இப்போதெல்லாம் ஜாக்கிரதையாக 'ஆங்கிலம்' என்றே சொல்கிறார். ஆனால் வாத்தியார் போடுகிற சத்தம் எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று தெரிந்துகொள்ள, கணக்கில் முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு ஐந்து மாதமும் ஒரு சளியும் தேவைப்பட்டன.